இண்டிக்கு எது: சுழலும் டிஸ்க்கா, மெமரி கார்டா?

1993-இல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட இண்டி என்ற கணினி ஒன்று என் மேசையில் இருக்கிறது. அதன் ஹார்ட் டிஸ்க் சில மாதங்களாகச் சிணுங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டு நின்றேவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டதும் எழுந்தது. மறுபடி நிற்பதற்குள் மாற்றியாக வேண்டும்.

இண்டி டிஸ்க்கோடு பேசுவது ஸ்கஸி என்ற பழைய இணைப்பு முறையில். பழைய சர்வரில் கழற்றிய 80 பின் ஸ்கஸி டிஸ்க்கை அடாப்டர் வைத்து இண்டியின் 50 பின் கேபிளில் மாட்டலாம். அல்லது புளூஸ்கஸி என்ற சிறு பலகையில் எஸ்டி கார்டைச் செருகி, அதையே டிஸ்க் என்று இயந்திரத்தை நம்பவைக்கலாம். இன்றைய கணினிகளுக்கான சாட்டா எஸ்எஸ்டியை ஸ்கஸியாக மாற்றித் தரும் பாலப் பலகைகளும் உண்டு. அவற்றின் விலையைப் பார்த்ததோடு சரி.

முதலில் டிஸ்க்கைத்தான் முயன்றேன். நிமிடத்துக்கு 10,000 சுற்று. சூடும் இரைச்சலும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இண்டியின் ஸ்கஸி தடமோ நொடிக்கு 10 மெகாபைட்டைத் தாண்டாது. டிஸ்க்கின் வேகம் முழுக்க வீண். மலிவான அடாப்டர்களில், 50 பின் கேபிளில் இடமில்லாத மேல் எட்டு பிட் கம்பிகளை எதனோடும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டிருப்பார்கள். சில டிஸ்க்குகள் அதற்கே முரண்டு பிடிக்கும்.

அடுத்து புளூஸ்கஸி. ஸ்கஸியில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓர் எண் உண்டு; பழைய டிஸ்க் 1. புளூஸ்கஸியை 2-ஆம் எண்ணில் மாட்டி, எஃப்எக்ஸ் என்ற நிரலால் பகுதிகளாகப் பிரித்து, எக்ஸ்எஃப்எஸ்டம்ப் என்ற நகல் நிரல் வழியாகக் கோப்புகளை நகலெடுத்தேன். சாஷ் என்ற துவக்க நிரல் டிஸ்க்கின் தலைப்பகுதியில் தனியே குடியிருக்கிறது. கோப்புகளோடு அது வராது. டிவிஎச்டூல் என்ற நிரலால் அதையும் கொண்டுவந்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிய பிறகு, கார்டில் ‘எச்டி2’ என்றிருந்த கோப்பின் பெயரை ‘எச்டி1’ என்று மாற்றினேன். எண் மாறிவிட்டது. டிஸ்க்கில் இதே வேலைக்கு இடுக்கியை எடுத்துக்கொண்டு, எண்ணைத் தீர்மானிக்கும் ஜம்பர் என்ற குட்டிச் செருகியைத் தேட வேண்டும்.

என்னைக் கார்டின் பக்கம் சாய்த்தது பராமரிப்புதான். ஸ்கஸி டிஸ்க் எது வாங்கினாலும் இன்று அது பெரும்பாலும் யாரோ ஓட்டித் தேய்த்ததுதான். அடுத்த ‘டக் டக்’ எப்போது என்பது அதற்கே வெளிச்சம். டிஸ்க்குக்கு நகல் எடுக்க இண்டியே உயிரோடு இருக்க வேண்டும், அல்லது ஸ்கஸி உள்ள இன்னொரு இயந்திரம் வேண்டும். கார்டில் முழு டிஸ்க்கும் 4 ஜிபி கோப்பு ஒன்று, அவ்வளவுதான். மூடியைத் திறந்து, கார்டை மடிக்கணினியில் செருகி, டீ ஆறுவதற்குள் நகல் எடுத்துவிடுகிறேன். இண்டியின் இயங்குதளமான ஐரிக்ஸில் எதையாவது நோண்டிக் கெடுத்துக்கொண்டாலும் பழைய கோப்பைத் திருப்பி வைத்தால் போதும்.

கார்டு எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்டால், நான் ஓட்டியது ஓராண்டுதான், அதுவும் வார இறுதிகளில். நினைவகம் குறைவாக இருப்பதால் ஸ்வாப் (நினைவகத்தில் இடமில்லாததை டிஸ்க்கில் எழுதிவைப்பது) ஓயாமல் நடக்கும் இயந்திரத்துக்கு என் அனுபவம் பொருந்தாது. கண்காணிப்பு கேமராக்களுக்கென்று விற்கும், அதிக எழுத்தைத் தாங்கும் கார்டைத்தான் போட்டிருக்கிறேன். நகல் ஏற்றிய இரண்டாவது கார்டு, மூடியின் உட்புறத்தில் டேப் போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது.