பிரேக் காலிப்பர் மாத்துனப்புறம் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குதா? வண்டிய வெளிய எடுக்காதீங்க

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கார் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு படிங்க. நம்ம உப்புக்காத்துக்கு துருப்பிடிக்காத சாமான் எது, என் வண்டில பாசஞ்சர் சைடு முன்வீல் காலிப்பர் (பிரேக் பேட வீல் டிஸ்க்ல அழுத்திப் புடிக்கிற பாகம்) பிஸ்டன் ஜாம் ஆகி வீல் சூடேறி கருகுன வாடை வந்துச்சு. ராமநாதபுரத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன், பேர் வேணாம். புது காலிப்பர், கூலி எல்லாம் சேத்து 6,200 ரூபா. எடுக்கும்போதே பெடல் பஞ்சு மாதிரி இருக்குண்ணேன்னு சொன்னேன், "புது பேடு தம்பி, ஓட ஓட செட் ஆயிரும்"னுட்டாரு.

மறுநாள் அம்மாவ ஏத்திக்கிட்டு பாம்பன் பாலத்துல போறேன், புது ரயில் பாலத்த பாக்க முன்னாடி போன வேன்காரன் சட்டுனு நிறுத்திட்டான், நான் மிதிச்சா பெடல் நேரா அடில போய் உக்காருது, ரெண்டு மூணு தடவ விட்டு விட்டு மிதிச்சப்புறம்தான் புடிச்சுச்சு, ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும். அம்மா இன்னும் அந்த வண்டில ஏற மாட்டேங்குறாங்க.

திரும்ப கொண்டு போனா மாஸ்டர் சிலிண்டர் (மிதிச்சா பிரேக் ஆயில வீலுக்கு தள்ளுறது) போச்சுன்னு இன்னொரு 4,500. அதே பெடல். அப்புறம் ஏபிஎஸ் யூனிட்டாம், 20,000க்கு மேல ஆகுமாம். போதும்டா சாமின்னு உச்சிப்புளில தெரிஞ்ச அண்ணன்கிட்ட விட்டேன். வீல கழட்டி பாத்த உடனே "நிப்பிள் ஏன் கீழ இருக்கு?"ன்னாரு. ரைட் சைடு காலிப்பர லெஃப்ட்ல மாட்டிருக்காங்க! போல்ட்டெல்லாம் ஒழுங்கா உக்காந்துரும், ஆனா ஏர் எடுக்குற நிப்பிள் கீழ வந்துரும், காத்து மேலதான நிக்கும், எத்தன பாட்டில் பிரேக் ஆயில் ஊத்தி பிளீட் பண்ணாலும் அந்த காத்து முழுசா வெளிய வராது. பில்ல எடுத்து பாத்தா அதுலயே ஆர்.எச்னு (ரைட் சைடு) போட்டிருக்கு, நான்தான் கவனிக்கல.

அவரு சொன்ன இன்னொன்னு: விட்டு விட்டு மிதிச்சா பெடல் மேல ஏறி கெட்டியாகுதுன்னா பெரும்பாலும் உள்ள காத்து. காலெடுக்காம அழுத்தி புடிச்சிருக்கும்போது மெல்ல மெல்ல இறங்குனாத்தான் மாஸ்டர் சிலிண்டரோ எங்கயாச்சும் லீக்கோ. எனக்கு ஒருநாளும் அப்படி இறங்கல. அப்ப நல்லா இருந்த சிலிண்டர கழட்டிருக்காங்க, பழசையும் குடுக்கல.

சரியான காலிப்பர், புது காப்பர் வாஷர், டாட் 4 பிரேக் ஆயில் போட்டு ஏர் எடுத்ததும் பெடல் கல்லு மாதிரி நிக்குது. பழைய இடத்துல போய் கேட்டேன், "கடைல மாத்தி குடுத்துட்டாங்க"ன்னு ஒரே வார்த்த. மாட்டுனது யாரு? 4,500ம் பழைய சிலிண்டரும் இன்னும் வரல, ரெண்டு பில்லும் கழட்டுன காலிப்பரும் என்கிட்டதான் இருக்கு.