கொல்கத்தாவா, டேராடூனா?

விலங்கியல் முடித்துவிட்டு, கொல்கத்தாவிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வு மையமா, டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனமா என்று தடுமாறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடக்கம்: கொல்கத்தா 1916. டேராடூன் 1982.

வேலை: கொல்கத்தாவில் உயிரினங்களை இனம்கண்டு பெயரிட்டு, மாதிரிகளைக் காப்பார்கள். சாராயக் கரைசலில் மிதக்கும் ஒரு தவளை. கூடவே பிடித்த இடமும் தேதியும் எழுதிய சிறு சீட்டு. சீட்டு அழிந்தால் மாதிரியின் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். இந்தப் பொறுமைக்கு ஆள் குறைந்து வருவது எனக்குப் பெரிய கவலை.

டேராடூனில் உயிருள்ள விலங்கும் அதன் காடும்தான் பாடம். புலிக் கணக்கெடுப்பில் பாதையின் இருபுறமும் கேமரா கட்டுகிறார்கள். வரிகளை வைத்துத்தான் ஒவ்வொரு புலியையும் அடையாளம் காண்கிறார்கள்; ஒரே புலிக்கு இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு.

படிப்பு: முதுகலைப் பட்டமும் வனத்துறையினருக்கான பயிற்சியும் டேராடூனில் உண்டு. கொல்கத்தா, பட்டம் முடித்தவர்களுக்கான ஆய்வுக்களம்.

அருகில்: கொல்கத்தா மையத்துக்குச் சென்னையில் மண்டல மையம் இருக்கிறது. கோவை அருகே ஆனைகட்டியின் சலீம் அலி பறவையியல் மையம் இப்போது டேராடூன் நிறுவனத்தோடு இணைந்திருக்கிறது.

பூச்சி, நத்தை, மீன் என்று நுண்ணோக்கியின் முன் மணிக்கணக்காக உட்கார முடிந்தால் கொல்கத்தா. யானை வழித்தடம், மனித-விலங்கு மோதல் என்று காட்டோரக் கிராமங்களில் அலைய விருப்பமென்றால், தயங்காமல் டேராடூன்.