ரெசிஸ்டரா, யூஎல்என்னா, ஆப்டோவா: மலைத்தோட்டத்து போர்டுக்கு எது?

ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். வானம் தெளிந்து, காற்றும் அடங்கிக் கிடக்கும் இரவுதான் ஆபத்து. தண்ணீர் தெளித்துக் கொழுந்தையும் காய்கறியையும் காப்பாற்றப் பார்ப்பார்கள். அந்த வால்வைத் திறக்க ஆளை எழுப்பாமல், வெப்பநிலை 2 டிகிரிக்கு இறங்கியதும் ஒரு சின்ன போர்டே திறந்துவிடும்படி செய்வது இப்போது பெரிய வேலை இல்லை. சிக்கல் போர்டின் அவுட்புட் பின்னில், அதாவது கட்டளை வெளியே போகும் சிப்பின் காலில்தான் வரும். அது போனால் பெரும்பாலும் சிப்பையே மாற்ற வேண்டும். அதற்கு மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய்த் திரும்ப வேண்டும். அதற்குள் இன்னொரு பனி விழுந்துவிடும்.

அதனால் இங்கே நான் எடை போடுவது இரண்டு விஷயத்தைத்தான்: பின்னுக்குப் பதிலாக எது சாகிறது? அதை ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் மாற்ற முடியுமா?

முதலில் ஒரு பின் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிடலாம். ஆர்டுயினோ யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்புக்கு ஒரு பின்னுக்கு 40 மில்லி ஆம்ப் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உடைந்துபோகும் எல்லை. டேட்டாஷீட் (சிப் தயாரிப்பாளரின் விவரத்தாள்) பின்னின் வோல்டேஜை அளந்து காட்டுவதே 20-ல்தான். சிப் முழுவதற்கும் 200. ராஸ்பெர்ரி பை பைக்கோவில் இருக்கும் ஆர்பி2040 இன்னும் சிக்கனம்: எல்லாப் பின்னும் சேர்ந்தே 50 மில்லி ஆம்ப். அதில் ஒவ்வொரு பின்னுக்கும் 2, 4, 8, 12 என்று புரோகிராமில் ஓர் அளவைத் தேர்ந்தெடுக்கலாம். 4 என்று வைத்தால் 4-க்கு மேல் போகாது என்று நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. அந்த எண் கரண்ட்டுக்குக் கட்டுப்பாடு போடுவதில்லை. அவ்வளவு எடுக்கும்வரை வோல்டேஜ் சொன்ன அளவுக்குக் கீழே விழாது என்று மட்டுமே அதற்கு அர்த்தம். ஷார்ட் ஆனால் அதைத் தாண்டித்தான் ஓடும்.

ஆக, காப்பு வெளியிலிருந்துதான் வர வேண்டும். அதில் மிக மலிவானது ரெசிஸ்டர். பின்னுக்கு வரிசையாக 220 ஓம் போட்டால், மறுமுனை கிரவுண்டில் ஒட்டிக்கொண்டாலும் 5 வோல்ட்டில் 23 மில்லி ஆம்ப்புக்கு மேல் போகாது. 3.3 வோல்ட் போர்டில் 330 ஓம் போட்டால் 10-தான். எல்இடிக்கு எப்படியும் ரெசிஸ்டர் வேண்டும், அங்கே கேள்வியே இல்லை.

கோத்தகிரியில் பாலிஹவுஸ் வைத்திருக்கும் தம்பி ஒருவர், "அண்ணா, எல்லாப் பின்னுக்கும் 220 போட்டாச்சு, இனி கவலை இல்லைல்ல?" என்று கேட்டார். பெட்டிக்குள்ளேயே முடிகிற வயருக்குக் கவலை இல்லை. வெளியே போகிற வயருக்குக் கணக்கு வேறு. காட்டெருமை மிதித்து வயர் நசுங்குவது இந்தப் பக்கம் சாதாரணம். நசுங்கிய இடத்தில் 12 வோல்ட் லைனும் சிக்னல் வயரும் ஒன்றோடொன்று தொட்டால், அந்த நேரம் பின் லோவில் (0 வோல்ட்டில்) இருந்தால், 12-ஐ 220-ஆல் வகுத்துப் பாருங்கள்: 54 மில்லி ஆம்ப். 40 என்ற எல்லை தாண்டியாயிற்று. ரெசிஸ்டரிலும் 0.65 வாட் சூடு. கால் வாட் ரெசிஸ்டர் கருகும். பின் முதலில் போகிறதா, ரெசிஸ்டர் முதலில் போகிறதா என்பது அதிர்ஷ்டம். அதே இடத்தில் 1 கே (1000 ஓம்) இருந்தால் 12 மில்லி ஆம்ப்தான், பின் பிழைத்துக்கொள்ளும். சிப்பின் உள்ளே, அதிக வோல்டேஜை வேறு வழி திருப்ப இருக்கும் கிளாம்ப் டயோடு பார்த்துக்கொள்ளும் என்று அதன் தலையில் கட்டிவிடவும் கூடாது. அதில் 1 மில்லி ஆம்ப்புக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று அட்மெல் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது.

ஆனால் 1 கே போட்ட பின்னை வைத்துப் பெரிய சுமை எதையும் ஓட்ட முடியாது. ரிலே என்பது சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் மின்காந்த சுவிட்ச். 5 வோல்ட் நீல நிற ரிலேயின் கம்பிச்சுருள் 70 ஓம். அதற்கு 71 மில்லி ஆம்ப் வேண்டும். பின் நேராகக் கொடுக்கவே முடியாத அளவு. ரெசிஸ்டர் பின்னைக் காக்குமே தவிர வேலையை முடிக்காது. இடையில் ஒருவர் நின்று சுமையைத் தூக்க வேண்டும்.

அந்த இடத்துக்கு மூன்று பேர் போட்டி.

2என்2222 டிரான்சிஸ்டர் பழைய ஆள். பேஸில் (கட்டளை வாங்கும் காலில்) 560 ஓம் போட்டால் பின் கொடுப்பது 8 மில்லி ஆம்ப்புக்குள். ரிலே நன்றாக இழுக்கும். ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே, தலைகீழாக ஒரு 1என்4007 டயோடு போட மறக்கக் கூடாது. ஒன்றிரண்டு ரிலேக்கு இது போதும். நாலைந்து ஆனால் சால்டரிங் வேலை கூடும், தப்பும் கூடும்.

கேட் என்ற காலில் வோல்டேஜ் கொடுத்தால் திறக்கும் டிரான்சிஸ்டர் வகையான மாஸ்ஃபெட் வால்வுக்கு ஏற்றது. 12 வோல்ட் சின்ன வால்வு ஒன்று 400 மில்லி ஆம்ப் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐஆர்எல்இசட்44என்னில் அது சில மில்லி வாட் சூடுதான். கையில் தெரியவே தெரியாது. ஆனால் கடையில் கேட்டால் கையில் வைப்பது பெரும்பாலும் ஐஆர்எஃப்540 அல்லது ஐஆர்எஃப்இசட்44. இரண்டும் முழுதாகத் திறக்க கேட்டில் 10 வோல்ட் கேட்பவை. 3.3 வோல்ட் பின்னில் இணைத்தாலும் மத்தியானம் ஏதோ வேலை செய்கிற மாதிரி இருக்கும். மாஸ்ஃபெட் திறக்கத் தொடங்கும் வோல்டேஜ் குளிர்ந்தால் ஏறும் என்பதுதான் வில்லங்கம். 22 டிகிரியில் டெஸ்ட் செய்து தட்டிக்கொடுத்த சர்க்யூட், 1 டிகிரியில், எதற்காகக் கட்டினோமோ அந்த இரவில், அரைகுறையாகத் திறந்து நிற்கும். சமவெளியில் இதைக் கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம், இங்கே முடியாது. 3.3 வோல்ட் போர்டுக்கு ஏஓ3400 பொருத்தம், 2.5 வோல்ட்டிலேயே திறக்கும் என்று டேட்டாஷீட்டில் இருக்கிறது. ஆனால் அரிசி அளவு சாமான். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அதைச் சால்டர் பண்ணும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

மாஸ்ஃபெட் சாகும்போது கேட் உள்ளே ஷார்ட்டாகி 12 வோல்ட் நேராகப் பின்னுக்கு வரலாம். அதனால் கேட் ரெசிஸ்டர் 1 கே இருக்கட்டும். வால்வைத் திறக்கச் சில மைக்ரோ செகண்ட் தாமதமானால் பனி ஒன்றும் முந்திவிடாது.

மூன்றாவது யூஎல்என்2003. என் ஓட்டு இதற்கே. ஒரே சிப்பில் ஏழு டார்லிங்டன் ஜோடி (இரண்டிரண்டாகச் சேர்த்த டிரான்சிஸ்டர்), ஒவ்வொன்றும் 500 மில்லி ஆம்ப், 50 வோல்ட் வரை. உள்ளேயே 2.7 கே பேஸ் ரெசிஸ்டர் இருப்பதால் 5 வோல்ட் பின்னிடம் அது கேட்பது சுமார் 1.3 மில்லி ஆம்ப்தான், 3.3 வோல்ட்டிலும் ரிலேயை இழுத்துவிடும். டயோடும் உள்ளேயே. ஆனால் 9-ஆம் காலை ரிலேயின் பிளஸ்ஸோடு இணைத்தால்தான் அந்த டயோடு வேலை செய்யும். சும்மா விட்டுவைத்த போர்டுகள் ஏராளம். 16 கால் சாக்கெட்டில் உட்கார வைத்தால், செத்த சிப்பை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்து இன்னொன்றை அழுத்திவிட்டுப் போகலாம். அதை தோட்டக்காவலரே செய்வார், என்ஜினீயர் வேண்டாம்.

குறையும் இல்லாமல் இல்லை. அதில் ஒரு வோல்ட் போல விழுங்கிவிடும். 5 வோல்ட் ரிலேக்கு 4 மட்டும் கிடைத்தால் விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம்; 12 வோல்ட் ரிலே வாங்கிவிடுங்கள். வால்வை நேராக ஓட்டினால் ஒரு சேனலுக்கே அரை வாட் சூடு, மூன்று வால்வு ஒன்றாகத் திறந்தால் சிப் கொதிக்கும். ஆக ரிலேக்கு யூஎல்என், வால்வுக்கு மாஸ்ஃபெட்.

74எச்சிடி245 போன்ற பஃபரை (சிக்னலை அப்படியே கடத்தும் இடைச் சிப்பை) சாக்கெட்டில் வைத்து, அடிபடுவது அதுவாக இருக்கட்டும் என்று விடுவதும் நல்ல யோசனை. ஆனால் அதன் பின்களும் 35 மில்லி ஆம்ப் ஆசாமிகள்தான். ரிலேயை ஓட்டப் போவதில்லை என்றால் மட்டும்.

பாலிஃபியூஸை (தானே மீளும் ஃபியூஸை) ஒரு பின்னுக்குப் போடுபவர்களும் உண்டு. வேண்டாம். அது சூடேறி அடைக்க நேரம் எடுக்கும், அதற்குள் பின் போய்விடும். அதன் மீது எழுதியிருக்கும் கரண்ட் 20 டிகிரிக்கு ஒட்டிய கணக்கு. குளிரில் இன்னும் அதிகம் விட்டுவிட்டுத்தான் அடைக்கும். சென்சாருக்குப் போகும் 5 வோல்ட் லைனில் போடுங்கள், அங்கே அதற்கு வேலை உண்டு.

சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டோகப்ளர் தனி ஜாதி. பிசி817-இல் பின் ஓட்டுவது ஒரு எல்இடியை மட்டும். 1 கே போட்டால் 4 மில்லி ஆம்ப் கூட இல்லை. மறுபக்கத்துக்கும் இதற்கும் வயர் தொடர்பே கிடையாது, 5000 வோல்ட் வரை தாங்கும் இடைவெளி. கோடை மழையிலும் அக்டோபர், நவம்பரிலும் இடி இறங்கும் ஊரில், பெட்டியை விட்டு வெளியே தோட்டத்துக்கு நீளமாக ஓடும் வயருக்கு நான் இதைத்தான் போடுவேன், மறுபக்கம் மாஸ்ஃபெட்டோடு. நேரே வயர் மீது விழும் மின்னலுக்கு எதுவும் நிற்காது. பக்கத்தில் விழுந்ததன் அதிர்ச்சிக்கு நிற்கும்.

ஆனால் ஆப்டோ இருக்கிறது என்று சொல்லி விற்கும் ரிலே மாட்யூலை நம்பி ஏமாறாதீர்கள். அதில் ஜேடி-விசிசி என்று எழுதிய இடத்தில் ஒரு ஜம்பர் சொருகியே வரும். அதைக் கழற்றி ரிலேக்குத் தனி சப்ளை கொடுத்து, கிரவுண்டையும் பிரித்தால்தான் பிரிவு. இரண்டுக்கும் ஒரே அடாப்டர் என்றால் ஆப்டோ வெறும் அலங்காரம். ஈரமும் கவனிக்க வேண்டியது: மூடுபனி பெட்டிக்குள் புகுந்து ஆப்டோவின் இரு வரிசைக் கால்களுக்கு நடுவே படிந்தால் 5000 வோல்ட் கணக்கெல்லாம் காகிதத்தோடு சரி. வார்னிஷ் ஸ்ப்ரே ஒரு கோட் அடித்துவிட்டு, பெட்டிக்குக் கீழ்ப்பக்கம் கிளாண்ட் (வயரை இறுக்கிப் பிடிக்கும் மூடி) வைத்து வயரை எடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும், மாஸ்ஃபெட் கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கே ஒன்று போட்டுவிடுங்கள். மின்சாரம் போய்த் திரும்பும்போது புரோகிராம் தொடங்கும்வரை பின் அந்தரத்தில் நிற்கும். அந்தக் கணம் வால்வு தானாகத் திறக்காது.