வெளிநாட்டில் ஐவிஎஃப்: முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஐவிஎஃப் என்பது முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை. வெளிநாட்டில் இது குறைந்த செலவில் தரமாகக் கிடைப்பது உண்மைதான். ஸ்பெயின், செக் குடியரசு, கிரீஸ் என்று பலரும் போகும் நாடுகளில் நல்ல மையங்கள் நிறையவே உண்டு. இந்தப் பதிவு மற்றவர்களைப் பற்றியது. ஏமாற்றும் மையங்களும் ஏஜென்ட்டுகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். நீங்கள் பின்வாங்க முடியாத கட்டம் வரும்வரை இனிக்கப் பேசுவார்கள். அதன் பிறகு பில் வரும்.

அந்தக் கட்டம் எது என்பது முக்கியம். மாதவிடாயின் 2 அல்லது 3ஆம் நாளில், முட்டைகளை வளர்க்கும் ஊக்க ஊசி ஆரம்பிக்கும். 8 முதல் 14 நாள் வரை போகும். கடைசியில் முட்டைகளை முதிர வைக்கும் ட்ரிகர் ஊசி. அதைப் போட்டபின் ஏறக்குறைய 34–36 மணி நேரத்தில் முட்டையை எடுத்தாக வேண்டும். தவறவிட்டால் முட்டை தானாக வெளியேறி மொத்தச் சுழற்சியும், அதாவது அந்த முறை சிகிச்சை முழுதும், வீண். முட்டை எடுக்கும் காலையில், கையில் ஊசி குத்தி படுக்க வைத்த பிறகு, "விந்தணு தரம் போதாது, இக்சி (ஒரு விந்தணுவை நேரடியாக முட்டைக்குள் செலுத்துவது) செய்தே ஆக வேண்டும், இதில் ஒரு கையெழுத்து" என்று புரியாத மொழியில் ஒரு படிவத்தை நீட்டினால் யார்தான் மறுக்க முடியும்? விந்துப் பரிசோதனை அறிக்கை மாதங்களுக்கு முன்பே அவர்களிடம் இருந்திருக்கும்.

அதனால் கேட்க வேண்டியதையெல்லாம் முதல் ஊசிக்கு முன்பே, எழுத்தில் கேளுங்கள். "எல்லாம் சேர்த்து" என்ற பேக்கேஜில் பெரும்பாலும் விடுபடுபவை: மருந்து, மயக்க மருந்து நிபுணர் கட்டணம், இக்சி, 5ஆம் நாள் வரை கரு வளர்ப்பு, உறையவைத்தல், ஆண்டு சேமிப்புக் கட்டணம், உறைந்த கருவைப் பின்னர் கருப்பையில் வைக்கும் 'கரு மாற்றக்' கட்டணம். மருந்துக் கணக்கில்தான் பெரிய ஓட்டை. மதிப்பீட்டுத் தாளில் ஊக்க மருந்து நாளைக்கு 150 யூனிட் என்று போட்டிருப்பார்கள். ஏஎம்ஹெச் (முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) குறைவாக உள்ளவருக்கு 300 யூனிட் தேவைப்படலாம். மருந்துச் செலவு அப்படியே இரட்டிப்பாகும். எத்தனை யூனிட், எத்தனை நாள் என்று வைத்து இந்தத் தொகை போட்டீர்கள் எனக் கேட்டாலே பாதி விஷயம் வெளிவரும். முட்டைகள் சரியாக வளராமல் சுழற்சியை நிறுத்தினால் எவ்வளவு திரும்பும், சினைப்பை மிகையாகத் தூண்டப்பட்டு எல்லாக் கருவையும் உறையவைக்க நேர்ந்தால் இரண்டாவது பயணத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

வெற்றி விகிதத்துக்கு வருவோம். "70 சதவீதம்" என்றால் எதில் 70? சுழற்சி தொடங்கிய எல்லோரிலுமா, கரு மாற்றம் வரை வந்தவர்களில் மட்டுமா? ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனான ஹெச்சிஜி பாசிட்டிவ் ஆனதா, இதயத்துடிப்பு தெரிந்ததா, குழந்தை பிறந்ததா? சொந்த முட்டையா, தானமுட்டையா? 42 வயதுக்காரருக்கு இளம் தானமுட்டைக் கணக்கைக் காட்டுவது பழைய தந்திரம். "குழந்தை இல்லையேல் பணம் திருப்பம்" திட்டங்களையும் பொடி எழுத்து வரை படியுங்கள். சிலவற்றில் ஸ்கேனில் கர்ப்பம் தெரிந்தாலே வெற்றி என்று கணக்கு. 8 வாரத்தில் கலைந்தால் பைசா திரும்பாது.

துணைச் சிகிச்சைகள் இன்னொரு வசூல் வழி. கருப்பை உட்சுவரைக் கீறுவது, இன்ட்ராலிப்பிட் என்ற கொழுப்புக் கரைசலை நரம்பில் ஏற்றுவது, கருப்பை ஏற்புத்திறன் டெஸ்ட் போன்றவற்றை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றே ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே 2023இல் சொன்னது. பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஹெச்எஃப்ஈஏ இவற்றை நிறம் குறித்துத் தரம் பிரித்து வெளியிடுகிறது. எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஆய்வகப் பதிவு. 2023 ஆகஸ்டில் கிரீஸின் கிரீட் தீவில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஊழியர்கள் கைதானபோது, கரு மாற்றியதாகப் பொய் சொல்லி ஏமாற்றியதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. உள்ளே கரு வைத்தார்களா இல்லையா என்பது நோயாளிக்கு உடலில் தெரியாது. மாற்றத்துக்குப் பின் தரும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மாதவிடாயைத் தள்ளிப்போடும், மார்பு வலியும் தரும். முட்டை எடுத்த கையோடு அதே சுழற்சியில் மாற்றம் செய்தால் ட்ரிகரில் போட்ட ஹெச்சிஜி 10 நாளுக்கு மேலும் ரத்தத்தில் தங்கலாம். அவசரமாக எடுத்த கர்ப்ப டெஸ்ட் அதனாலேயே பாசிட்டிவ் காட்டும். ஆகவே, தாளைக் கேளுங்கள். எடுத்தது 12, முதிர்ந்தது 9, கருவுற்றது 6, பிளாஸ்டோசிஸ்ட் (5ஆம் நாள் வாக்கில் வளர்ந்த கரு) 2 என்று படிப்படியாகக் குறைந்து வருவது இயல்பு. ஒவ்வொரு கருவுக்கும் 4ஏஏ, 3பிபி போன்ற தரக்குறி, தேதி, புகைப்படம், எதை மாற்றினார்கள், எதை எந்தக் குழாயில் உறையவைத்தார்கள் என்ற எண், எம்பிரியாலஜிஸ்ட் (கரு ஆய்வக நிபுணர்) கையெழுத்து இவ்வளவும் இருக்க வேண்டும். "நல்ல கரு ரெண்டு வெச்சிருக்கோம்" என்று வாட்ஸாப்பில் வரும் செய்தி பதிவு ஆகாது. பதிவைத் தரத் தயங்கும் இடத்தில் மாற்றத்துக்கே போகாதீர்கள்.

இரண்டு மூன்று கருவை ஒன்றாக வைக்கச் சொல்பவர்களிடமும் எச்சரிக்கை. அவர்களின் வெற்றி விகிதம் உயரும். இரட்டைக் கர்ப்பத்தின் ஆபத்தும் குறைப்பிரசவச் செலவும் உங்களுக்கு. மிகைத்தூண்டல் சிக்கல் கர்ப்பம் தரித்தபின், ஊர் திரும்பிய பிறகும் வரலாம். வேகமாக எடை ஏறுவது, வயிறு உப்புவது, மூச்சுத் திணறல் என்றால் உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். மருந்து அளவுகள் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இல்லாவிட்டால் அங்கே தவிக்க வேண்டியிருக்கும்.

சட்டத்தை ஏஜென்ட் வாயால் கேட்காதீர்கள். ஸ்பெயினில் தானம் செய்தவர் யாரென்று குழந்தைக்குத் தெரியாது. பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பின் தானம் தந்தவரின் அடையாளத்தை 18 வயதில் கேட்டறியலாம். துருக்கியில் தானமுட்டைக்கே தடை. வாடகைத்தாய் விஷயம் இன்னும் சிக்கல்: தாய்லாந்து 2015இல் வெளிநாட்டவருக்குக் கதவை அடைத்தது, இந்தியா 2021 சட்டத்தில் வணிகரீதியானதைத் தடைசெய்தது. ஏஜென்ட்டுகள் அடுத்த நாட்டுக்கு போர்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பிறந்த குழந்தைக்கு உங்கள் நாடு பாஸ்போர்ட் தருமா என்பதை உங்கள் நாட்டு வழக்கறிஞரிடமே கேளுங்கள்.

பணத்தை மையத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும், முடிந்தால் கிரெடிட் கார்டில், கட்டம் கட்டமாகக் கட்டுங்கள். தனிநபர் கணக்கு எண் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால், சண்டையைத் தொடங்கும் முன் முழு மருத்துவப் பதிவின் நகலையும் உறைந்த கருக்களின் இருப்புச் சான்றையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். அதன் பிறகு கட்டிய பணத்தைத் திருப்பக் கேட்டு கார்டு வங்கியில் தகராறு பதியுங்கள், அந்த நாட்டின் உரிமம் வழங்கும் அமைப்புக்கும் புகார் அனுப்புங்கள். வங்கித் தகராறுக்குக் காலக்கெடு உண்டு. மையம் "பேசித் தீர்ப்போம்" என்று இழுப்பது பல நேரம் அது கடந்துபோவதற்காகத்தான்.