கோவையிலிருந்து சார்ட்டர் விமானம்: பில் பாஸ் செய்பவனின் அனுபவம்

எங்கள் குழுமத்துக்கு நூற்பாலை கோவைப் பக்கம், ஆயத்த ஆடைப் பிரிவு திருப்பூரில். கணக்கு என் பொறுப்பு. கொரோனா முடக்கத்தில் 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டில் பயணிகள் விமானமே பறக்கவில்லை. மே 25-இல் ஆரம்பித்ததும் அரைகுறைதான். அந்த நேரத்து அவசரத்துக்கு எடுத்ததுதான் எங்கள் முதல் சார்ட்டர், அதாவது முழு விமானத்தையும் வாடகைக்குப் பிடித்துப் போவது. லைன் ஃப்ளைட் (டிக்கெட் வாங்கி ஏறும் வழக்கமான விமானம்) எல்லாம் பழையபடி ஓட ஆரம்பித்த பிறகும் பழக்கம் நிற்கவில்லை, இன்றுவரை தொடர்கிறது. விமானத்தில் ஏறியவர்கள் சௌகரியத்தைப் பற்றி எழுதுவார்கள். நான் பில்லைப் பற்றி எழுதுகிறேன்.

சௌகரியத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். பெரும்பாலும் வருவது கிங் ஏர் பி200, இரட்டை டர்போபிராப். நிமிர்ந்து நிற்க முடியாது, சத்தம் உண்டு. ஆடிக்காற்று சமயத்தில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் நன்றாகவே குலுக்கும். ஆனால் நாம் போனால்தான் கிளம்பும், அது பெரிய சௌகரியம்தான்.

இனி பில். நவம்பர், டிசம்பரில் பருத்தி வாங்க மகாராஷ்டிராவின் விதர்பா பக்கம் போவது எங்களுக்கு வழக்கம். கோவையிலிருந்து நாக்பூர் நேர்கோட்டில் 1,100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இந்த விமானத்துக்கு இரண்டரை மணி நேரம் வைக்கலாம். போக வர ஐந்து மணி நேரம் என்று நினைப்போம். பில்லில் ஆறரை இருக்கும். விமானம் நிற்பது பெங்களூரில்; அங்கிருந்து காலியாக பீளமேடு (கோவை விமான நிலையம்) வந்து, நம்மை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புவதும் நம் தலையில்தான். இதற்கு ஃபெர்ரி என்று பெயர். நேரத்தை எண்ணுவதும் சக்கரம் தரையை விட்டதிலிருந்து இல்லை, நின்ற இடத்திலிருந்து நகர்ந்ததிலிருந்து.

மணிக்கு 1.25 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 8.12 லட்சம். மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்துச் சுமார் 9.6 லட்சம். இந்த வரியைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஆலை வாங்கும் மற்ற பில்களைப் போல இதையும் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துவிடலாம், அதாவது நாம் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு, சொந்த உபயோகத்துக்கு விமானம் வாங்குவதற்கும் வாடகைக்கு எடுப்பதற்கும் அந்த வரவைத் தடுக்கிறது. எங்கள் ஆடிட்டர் இதில் ஒரு அங்குலம் நகர மாட்டார். ஆக ஒன்றரை லட்சம் முழுச் செலவு. லைன் ஃப்ளைட் டிக்கெட்டில் வரும் வரியையாவது எடுத்துக்கொள்ளலாம்.

பேச்சு நீண்டுவிட்டால் இன்னொரு செலவு சேரும். பைலட்டுகளுக்குப் பணி நேர வரம்பு உண்டு. பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ஜின்னிங் ஆலையில் பேரம் இழுத்துக்கொண்டே போக, கேப்டன் கடிகாரத்தைக் காட்டினால் ராத்திரி அங்கேதான். தங்கும் செலவு, விமானம் நிறுத்தும் கட்டணம், அடுத்த நாளைக்கான குறைந்தபட்ச மணிக்கணக்கு எல்லாம் வந்து உட்காரும். ஒப்பந்தத்தில் மணி ரேட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும்.

சரி, 9.6 லட்சத்தை எப்படி நியாயப்படுத்துவது? எல்லோரும் கையில் எடுப்பது 'தலைக்கு எவ்வளவு' கணக்கு. ஆறு பேர் போனால் தலைக்கு 1.6 லட்சம். கூட இரண்டு பேரை ஏற்றினால் 1.2 லட்சம். கம்பெனி கட்டும் தொகை அதேதான், ஆனால் ஃபைலில் செலவு கால்வாசி குறைந்த மாதிரி தெரியும். எங்களிடமும் இதுதான் நடந்தது. பருத்தி பார்க்கப் போகும் விமானத்தில் மனிதவளப் பிரிவு ஆள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சீட் நிரம்பியிருந்தது, அதனால் நியாயமாகவும் தெரிந்தது.

இரண்டாவது, நேரக் கணக்கு. விற்க வருபவர்களின் பளபளப்பான கையேட்டில் இது கட்டாயம் இருக்கும்: எம்.டி.யின் ஒரு மணி நேரம் இத்தனை லட்சம், மிச்சமான மணி இத்தனை, பெருக்கிக்கொள்ளுங்கள். இதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. மிச்சமான அந்த மாலையில் எம்.டி. ஆலைக்கு வந்தாரா, ஏதாவது முகூர்த்த வரவேற்புக்குப் போனாரா என்று கையேட்டுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் ஏற்றுக்கொள்ளும் கணக்கு வேறு. அதே ஆறு பேர் ஹைதராபாத் மாறி லைன் ஃப்ளைட்டில் போய், தங்கி, திரும்பினால் ஒன்றரை லட்சம் சுற்றி ஆகும். அப்படியானால் கூடுதல் செலவு எட்டு லட்சம். 1,000 கண்டி (ஒரு கண்டி சுமார் 356 கிலோ பஞ்சு) வாங்கப் போகிறோம் என்றால் கண்டிக்கு 800 ரூபாய். இரண்டு நாள் முன்னால் போய்ச் சேர்வதால் விலையிலோ தரத்திலோ கண்டிக்கு 800 ரூபாய் கிடைக்குமா? பருத்தி வாங்கும் மேனேஜர் ஆமாம் என்றால் அவரே கையெழுத்துப் போடட்டும். வரத்து உச்சத்தில் இருக்கும்போது, நல்ல லாட் மற்ற ஆலைகள் கைக்குப் போகுமுன் ஒரே நாளில் மூன்று ஊர் சுற்றி மாதிரி எடுத்து, இழை நீளம் பார்த்து முடிக்க வேண்டுமென்றால் அவர் தயங்காமல் போடுவார். மற்ற மாதங்களில் அவரே, "வேண்டாங்க, நான் ஹைதராபாத் மாறியே போய்க்கிறேன்" என்பார்.

இதற்காக ஒரு ட்ரிப் ஷீட் வைத்திருக்கிறோம். யார் கேட்டது, எதற்கு, லைன் ஃப்ளைட்டில் போனால் எவ்வளவு, என்ன கெடும். விமானம் கிளம்புமுன் நிரப்பித் தர வேண்டும். திரும்பி வந்த பிறகு காரணம் எழுதச் சொன்னால் எல்லாப் பயணமும் தவிர்க்க முடியாததாகத்தான் இருக்கும். அப்புறம், பில் முழுவதும் கேட்ட பிரிவின் கணக்கில் ஏறும். கூடப் போகிறவரின் பிரிவுக்கு லைன் ஃப்ளைட் கட்டணம் மட்டும். இந்த விதி வந்த பிறகு விண்ணப்பங்கள் குறைந்த வேகம் எனக்கே ஆச்சரியம். லெட்ஜரிலும் இதற்குத் தனித் தலைப்பு. பொதுப் பயணச் செலவில் கலக்க விடுவதில்லை. வங்கியில் கடன் வரம்பைப் புதுப்பிக்கப் போகும்போது கேட்பார்கள், பதில் தயாராக இருக்க வேண்டும். 2008 நவம்பரில் டெட்ராய்ட்டின் மூன்று கார் கம்பெனித் தலைவர்கள் அரசிடம் உதவி கேட்கத் தனித்தனி ஜெட்டில் வாஷிங்டன் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை எங்கள் போர்டில் நான் அவ்வப்போது எடுத்துவிடுவதுண்டு.

குடும்பப் பயணம்தான் சிக்கலான இடம். ஒரு தடவை சென்னைக்குப் போன விமானம் ரேணிகுண்டாவில் இறங்கி, எம்.டி.யின் அம்மாவைத் திருப்பதிக்கு விட்டுவிட்டுப் போனது. எம்.டி. கேட்டார்: "ஏனுங்க, அம்மா ஒரு ஓரமா உக்காந்து வந்தா எண்ணெய் கூடவா செலவாகும்?"

"சீட்டுக்கு ஆகாதுங்க. ரேணிகுண்டாவுல இறங்கி ஏறினதுக்கு ஆகுமுங்க."

அமெரிக்காவிலும் இந்தக் கேள்விக்கு இரண்டு அளவுகோல். வரித்துறை, தூரத்துக்கு ஏற்ப ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்று சூத்திரம் போட்டுச் சலுகையின் மதிப்பைக் கணக்கிட விடுகிறது. பங்குச் சந்தை ஆணையமோ, அந்தப் பயணத்தால் கம்பெனிக்குக் கூடுதலாக என்ன செலவானது என்று பங்குதாரர்களிடம் சொல்லச் சொல்கிறது. நாங்கள் இரண்டையும் கலந்து எங்களுக்கு ஒரு விதி போட்டுக்கொண்டோம். போகும் வழியில் காலி சீட்டில் உட்கார்ந்தால் அன்றைய லைன் ஃப்ளைட்டின் அதிகபட்சக் கட்டணம். குடும்பத்துக்காக விமானம் வழி மாறினாலோ இறங்கினாலோ அந்தக் கூடுதல் நேரம் முழுவதும், வரியோடு. எம்.டி.யின் சொந்தக் கணக்கிலிருந்து மாதக் கடைசிக்குள் செக் வந்துவிடும். முகம் சுளித்துக்கொண்டுதான் கொடுக்கிறார், ஆனால் கொடுக்கிறார்.

நடுவில் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. எங்கள் சின்ன முதலாளி, சின்னவர், சொன்ன காரணம், வருமான வரியில் விமானத்துக்கு 40 சதவீதத் தேய்மானம். உண்மைதான். பத்துக் கோடி விமானத்துக்கு முதல் வருஷம் நாலு கோடியை லாபத்தில் கழிக்கலாம். 25 சதவீதச் சொச்ச வரி கட்டும் கம்பெனிக்கு அதில் மிச்சம் ஒரு கோடி. ஒரு கோடி மிச்சம் பிடிக்கப் பத்துக் கோடி போடுவதா? அதிலும் சொந்த உபயோகம் இருந்தால் அந்தப் பங்குக்குத் தேய்மானம் கிடையாது. சொந்த உபயோக விமானத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம் வேறு, அதையும் திரும்ப எடுக்க முடியாது. சும்மா நிற்கும் நாளில் வாடகைக்கு விடலாம் என்றார். தனியார் வகையில் பதிவான விமானத்தில் காசு வாங்கி ஆள் ஏற்றக்கூடாது, அதற்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.யிடம் தனி பெர்மிட் வாங்க வேண்டும், அது ஒரு தனித் தொழில். இரண்டு பைலட் சம்பளம், பயிற்சி, இன்சூரன்ஸ், ஹேங்கர் வாடகை எதுவும் பறக்காத மாதத்தில் நிற்காது. பி200-இன் இஞ்சினுக்கு 3,600 மணி நேரத்தில் ஓவர்ஹால், அதாவது முழுவதும் பிரித்துச் செப்பனிடுவது. ஒவ்வொரு மணிக்கும் அதற்கென்று எடுத்து வைக்க வேண்டும். நாங்கள் பறக்கும் நேரத்தை வைத்து ஒரு மணிக்கு என்ன விழுகிறது என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். சார்ட்டர் ரேட்டைப் போல மூன்று மடங்கு தாண்டியது. சின்னவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், அப்புறம் அந்தப் பேச்சு இல்லை.

வருஷம் முழுவதும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, நேர் விமானம் இல்லாத ஊர்களுக்குக் கூட்டமாகப் போகும் கம்பெனியாக இருந்தால் கணக்கு மாறலாம். சென்னை, மும்பை, டெல்லிக்குப் போக சார்ட்டர் கேட்டால் நான் ஷீட்டையே வாங்குவதில்லை. பீளமேட்டிலிருந்து நேர் விமானம் இருக்கிறது.

ஒப்பந்தத்தை இப்போது புதுப்பிக்க வேண்டும். மணி ரேட்டில் அவர்கள் தரும் தள்ளுபடி எனக்குப் பெரிதில்லை. கோவைக்கு வேறு யாரையாவது இறக்கிவிட வரும் நாளில் நாங்கள் ஏறினால் ஃபெர்ரியில் பாதிதான் தருவோம் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.