48 வோல்ட்னு போட்டிருக்கிற பேட்டரி டிரில்லை நம்பி வாங்காதீங்க

படகு மராமத்து பாக்கிற எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலத்துலதான் நிக்க நேரமில்லாத வேலை. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அதுக்குள்ள இத்துப்போன பலகையக் கழட்டி, புதுசு ஏத்தி, போல்ட் முடுக்கிக் கொடுத்தாகணும். மண்டபம் கரையில படகு நிக்கிற எல்லா இடத்துக்கும் கரண்ட் இழுக்க முடியாது. அதனாலதான் ராமநாதபுரத்துல ஒரு கடையில பேட்டரி டிரில் எடுத்தேன். 3,800 ரூபாய்.

பெட்டியில பெருசா 48, பக்கத்துல வி. அதுக்குப் பக்கத்துல பொடியா ஒரு எஃப் இருந்தத அப்ப நான் பாக்கல. 48 விஎஃப்னா வோல்ட் கணக்கு இல்ல, வெறும் மாடல் பேரு மாதிரிதான். "18 வோல்ட்டெல்லாம் வீட்டுல ஸ்கிரீன் மாட்டத்தாண்ணே, படகு வேலைக்கு இதுதான்"னு கடைக்காரர் அடிச்சுச் சொன்னார்.

நாலாவது நாள், பலகையும் வங்கும் (பலகையத் தாங்குற உள்சட்டம்) சேர்த்துத் துளைக்கையில ஏழாவது ஓட்டையில பிட்டு மரத்துக்குள்ளயே நின்னுருச்சு. ரிவர்ஸும் சுத்தல. பேட்டரியத் தொட்டா கை பொறுக்கல. பைப் ரெஞ்ச் போட்டுத் திருகித்தான் பிட்ட எடுத்தேன்.

ராத்திரி சார்ஜ் ஏத்தி, திறந்து மீட்டர் வச்சேன். 20.6 வோல்ட். உள்ள இருந்தது அஞ்சே செல். லித்தியம் செல் ஒண்ணு முழு சார்ஜில 4.2, ஓடும்போது சராசரி 3.6. அஞ்சை வரிசையாக் கோத்தா 21, ஓட்டத்துல 18. நல்ல கம்பெனிக்காரன் 18னு போடுறதும் இதத்தான், 20 மேக்ஸ்னு போடுறதும் இதத்தான். நெஜமா 48 வேணும்னா 13 செல்லாவது வேணும். அந்தக் கூட்டுக்குள்ள அதுக்கு இடமே கிடையாது.

ஸ்டிக்கர்ல 6 ஆம்பியர் ஹவர் வேற, அதாவது பேட்டரி எவ்வளவு சார்ஜ் தேக்கி வைக்கும்ங்கிற கணக்கு. 18 மில்லிமீட்டர் கனம், 65 நீளம் உள்ள இந்தச் செல்லு எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் மூணரை பக்கம்தான் நிக்கும். வரிசையாக் கோத்தா வோல்ட்டுதான் கூடும், ஆம்பியர் ஹவர் கூடாது. ஆறு வேணும்னா ரெட்டை வரிசை, பத்து செல். ஒரு செல் ஏறக்குறைய 45 கிராம், பத்துக்கே 450. மீன் நிறுக்கிற தராசுல என் பேட்டரிய வச்சேன், கூட்டோட சேர்த்து 340 கிராம். கடையிலயே கையில தூக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

திருப்பிக் கொண்டுபோனா, "உப்புக்காத்து பட்டிருக்கும்ணே, பேட்டரிக்கு கியாரண்டி கிடையாது"ங்கிறார். உப்புக்காத்து இரும்பத் திங்கும், தெரியும். நாலு நாள்ல 48அ 20 ஆக்காது. நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிக்கலாம்னா, என் கையில இருக்கிறது கடைப் பேரு கூட இல்லாத துண்டுச்சீட்டு. பில்லு, அதுல பேட்டரிக்குத் தனியா எழுதின கியாரண்டி, ரெண்டும் இல்லாம காசு கொடுக்காதீங்க.

மீதி ஓட்டைய ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, பழைய வயர் டிரில்லுலதான் போட்டேன். பக்கத்துப் படகுல வேலை பாக்கிற தம்பி நேத்து அதே பெட்டியோட வந்து நிக்கிறான். சீல் இன்னும் பிரிக்கல. நாளைக்குக் காலையில மீட்டரையும் தராசையும் எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் கடைக்குப் போறோம்.