வீட்டுக்கு வரும் பிசியோதெரபிக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள்

மூட்டு மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பவர்களும் செய்துகொள்ளப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். எனக்கு 64 வயது. முப்பது வருடம் பள்ளியில் கணக்கு நடத்தியவள். போன வருடம் வலது முட்டியில் அறுவை நடந்தது.

ஆஸ்பத்திரியில் நான் ஏமாறவில்லை. செயற்கை முட்டி மூட்டுக்கு 2017 ஆகஸ்டிலேயே மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்துவிட்டது. அதனால் பில்லில் மூட்டின் விலை தனியாகப் போட்டிருக்கிறதா, பேட்ச் எண் ஸ்டிக்கர் ஃபைலில் ஒட்டியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் ஆனேன். அவ்வளவு உஷாராக இருந்தவள் வீட்டுக்கு வந்து கோட்டை விட்டேன்.

வீட்டுக்கே ஆள் அனுப்புகிறோம் என்றது ஒரு நிறுவனம். 30 நாளுக்கு 21,000 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் 18,000. கட்டிவிட்டேன். முதல் நாள் வந்த பெண் முறையாகப் படித்தவர், பேச்சிலேயே தெரிந்தது. குதிகாலைப் படுக்கையோடு இழுத்து முட்டியை மடக்குவது, தொடைத் தசையை இறுக்கிப் பிடிப்பது, வாக்கரில் அடி வைப்பது எல்லாம் சொல்லித்தந்தார். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவே இல்லை.

நான்காம் நாளிலிருந்து ஒரு தம்பி. கையில் ஒரு மசாஜ் மெஷின். இருபது நிமிடம் காலில் ஓட்டுவார், முட்டிக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகி "ரெஸ்ட் எடுங்கம்மா" என்பார். உண்மையைச் சொன்னால் சுகமாகத்தான் இருந்தது. ராத்திரி ஒரு மணிக்கு மேல் தூக்கம் கிடையாது, முட்டியைத் தொட்டால் இட்லிப் பானை மூடி மாதிரி சுடும். அந்த நிலைமையில், காலை மடக்கி வலிக்க வைக்காத ஆள் தெய்வமாகத்தான் தெரிவார்.

போகும்போது ஓர் அட்டையில் கையெழுத்து வாங்குவார். 'மடங்கும் அளவு' என்ற கட்டத்தில் தினமும் 90. அவர் வராத நாட்களுக்கும் சேர்த்து, மறுநாள் ஒரே நீல மையில் 90, 90, 90. ஒரு நாள்கூட அளந்ததில்லை. முப்பது வருடம் கரும்பலகையில் கோணம் வரைந்த நானும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

"மடங்கவே மாட்டேங்குதே தம்பி" என்றால், "எல்லாருக்கும் இப்படித்தாம்மா, மூணு மாசத்துல சரியாயிடும்" என்பார். அதில் பாதி உண்மை என்பதுதான் வம்பு. வீக்கம், சூடு, தழும்புக்குப் பக்கத்தில் மரத்துப்போவது, நடக்கும்போது 'டிக்' என்ற சத்தம் எல்லாம் மாதக்கணக்கில் இருக்கலாம், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மடங்காத முட்டி, சும்மா காத்திருந்தால் மடங்காது. உள்ளே தழும்புத் திசு இறுகிக்கொண்டே போகும்.

ஏழாவது வாரம் பேரனுடைய ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து, மகளை விட்டு அளக்கச் சொன்னேன். 60கூட வரவில்லை. டாக்டர் அளந்தபோது 58. காலும் முழுசாக நீளவில்லை. முட்டிக்கு அடியில் தலையணை வைத்தே படுத்திருந்ததால் வந்த வினை அது. வைப்பதென்றால் குதிகாலுக்கு அடியில்தான் வைக்க வேண்டுமாம். நடுவில் ஒரு நாள் கெண்டைக்கால் வீங்கி வலித்தபோது தம்பி அதையும் மெஷினால் தேய்த்ததைச் சொன்னேன். டாக்டர் கோபமே பட்டுவிட்டார். அது காலில் ரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம், தேய்க்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க வேண்டும் என்றார். என் நல்ல நேரம், அப்படி ஏதும் இல்லை.

கடைசியில் மயக்க மருந்து கொடுத்து, கத்தி வைக்காமல், டாக்டர் கையாலேயே முட்டியை மடக்கி உள்ளே ஒட்டியிருந்ததை விடுவித்தார். அதற்குத் தனிச் செலவு. மறுநாளிலிருந்து உடற்பயிற்சி, முதல் நாளிலிருந்து தொடங்கியது போல. வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துப் பயிற்சி, முடிந்ததும் ஐஸ். இது அந்தத் தம்பி சொல்லாத விஷயம்.

நிறுவனத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வராத நாள் மட்டும் பதினொன்று. அட்டையை போட்டோ எடுத்து எனக்கே அனுப்பினார்கள். "90 டிகிரின்னு நீங்களே சைன் பண்ணியிருக்கீங்களே மேடம்."

அதனால், வருகிற ஆள் பிசியோதெரபிப் பட்டம் படித்தவர்தானா என்று கேளுங்கள், சங்கடப்படாதீர்கள். பணத்தை வாராவாரம் கொடுங்கள். கோணத்தை உங்கள் கண்முன்னே அளக்கச் சொல்லி, தேதி போட்டு உங்கள் நோட்டில் நீங்களே எழுதுங்கள். ஆறு வாரத்தில் 90ஐ நெருங்கவில்லை என்றால் அறுவை செய்த டாக்டரிடமே போய் நில்லுங்கள்.

எனக்கு இது பத்தாவது மாதம். 105 வரை வந்திருக்கிறது. பஸ் படியில் இன்னும் நல்ல காலைத்தான் முதலில் வைத்து ஏறுகிறேன். போன வாரம் அதே நிறுவனத்திலிருந்து ஒரு வாட்ஸ்அப். இடது முட்டிக்கும் செய்துகொண்டால் இருபது சதவீதம் தள்ளுபடியாம்.